கூட்டும் கிழமைப் பலகை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டினார்கள். கட்டியவன் என் கணவரின் தம்பி சோதிலிங்கம்.

ஆக்லாந்தில், லின்ஃபீல்டில், எங்கள் வீட்டுப் பின்னறையில் சோதி இருக்கிறான். மேற்கு ஜெர்மனியில் இரண்டு வருசமும் இரண்டு மாதமும் அகதியாக இருந்துவிட்டு, போன வருசம், 1987 ஆவணியில், எங்களிடம் வந்து சேர்ந்தான். மனுரேவாவில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. ஒடாஹுஹு வரை பஸ், அதன்பின் ரயில். வீட்டில் அதிகம் கதைக்க மாட்டான்.

இந்த ஆடியில், மழை விடாத ஒரு கிழமையில், அவனுக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் பிட்னர் அம்மா. சோதி அங்கே இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், வயது எண்பத்தொன்று. அவர்களுடைய இடம் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அதற்கு இந்த வருசம் எழுநூற்றைம்பது வயதாகிறதாம். வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்களாம். அங்கே வாழ்ந்த எல்லா வகை மனிதர்களிடமும் இரண்டிரண்டு பக்கம் கேட்டு வாங்குகிறார்கள். "நீயும் எழுது. செப்டம்பர் முப்பதுக்குள் வர வேண்டும்."

சோதி இதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தான். இன்னும் நாலு வரி மிச்சமிருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து நின்றான்.

"அண்ணி, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. இதை எழுதித் தாங்கோவன்."

"நான் அந்த இடத்தைக் கண்ணாலயும் காணேல்லை, சோதி."

"நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ. உங்களோட வேலை செய்யிற மார்கரெட் அக்கா இங்கிலீசில அடிச்சுத் தரட்டும். அங்க யாரும் ஜெர்மனுக்கு மாத்துவினம்."

[நான் கதை எழுதுகிறவள்தான். ஆனால் எங்கே? இங்குள்ள தமிழர் சிலர் சேர்ந்து உருட்டச்சில் போடும் கைப்பத்திரிகையில். வாசகர் நாற்பத்திரண்டு பேர். அதில் பாதி என் கணவர் வழிச் சொந்தம். ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் நுழைய இவ்வளவு தகுதி போதுமென்று சோதி நினைத்ததற்கு, முதலில் அவனுக்கு நன்றி.]

2

தொடக்கம் ஒன்று:

"கி.பி. 1238இல் ஒரு மடத்துச் சாசனத்தில் முதன்முதலாகப் பெயர் காணப்படும் லேம்பாக், அக்காலத்தில் பதினேழு வீடுகளும் ஒரு திராட்சை ஆலையும் கொண்ட"

என் கணவர் மகேசன் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார். "இஞ்சாரும், இது சோதினைக்குப் படிக்கிற நோட்ஸ் மாதிரிக் கிடக்கு." வெட்டினேன். [லேம்பாக் என்பது நான் வைத்த பெயர். களிமண் ஓடை என்று பொருள். உண்மைப் பெயரைச் சொன்னால் பிட்னர் அம்மா கோபிப்பாரென்று சோதி சொல்லிவிட்டான்.]

தொடக்கம் இரண்டு:

"பனி கொட்டும் ஒரு மாலைப்பொழுதில், கையில் ஒற்றைப் பெட்டியுடன் அந்த இளைஞன்"

"அண்ணி, நான் போனது ஆனி மாசம். நல்ல வெயில். வேர்த்துக் கொட்டினது."

வெட்டினேன். எனக்கு அந்தப் பனி பிடித்திருந்தது. ஜெர்மனி என்றால் பனி வேண்டாமா?

தொடக்கம் மூன்று:

"நன்றி."

இதோடு பேனா நின்றுவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல்லோடு ஒரு தகராறு உண்டு. மேடையில் சொல்வோம், கடிதத்தின் அடியில் எழுதுவோம். சோறு போட்டவரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் அவரைப் பிறத்தியார் ஆக்கிவிட்டதாக ஒரு கூச்சம். இங்கே பிறந்து வளரும் என் மகள் இந்தக் கூச்சத்தைப் பார்த்து, "ஜஸ்ட் சே தேங்க் யூ, மம்," என்கிறாள். அவளுக்கு அது எளிது.

சோதி எப்படி நன்றி சொல்வான் தெரியுமா? சனிக்கிழமை தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டு நடைபாதையைக் கூட்டுவான். அப்படியே பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டிவிட்டு வருவான். அந்த வீட்டு வெள்ளைக்கார மனிசிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வாசலில் ஒரு பை எலுமிச்சம்பழம் இருந்தது. அவளும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் இன்னும் போத்தலில் இருக்கிறது.

3

சரி, லேம்பாக்கைச் சொல்கிறேன். அங்கே அகதி மனுப் போட்டவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. எல்லையோ லேம்பாக்கின் கடைசிப் பஸ் தரிப்போடு முடிந்தது. ஆகவே சோதிக்கு இருந்த ஒரே தொழில் நடப்பது. இரண்டு வருசம் அதே தெருக்களை நடந்தால் தெருக்கள் வாய் திறக்கத்தான் செய்யும்.

மேல்தெருவில் பழைய திராட்சைத் தோட்டக்காரர். அவர்களுடைய சவக்காலைக் கல்லறைகளில் ஐந்தே ஐந்து குடும்பப் பெயர்கள்தானாம், திரும்பத் திரும்ப. கீழ்த்தெருவில், நூறு வருசத்துக்கு முன் வந்த கூரை ஓட்டுத் தொழிற்சாலைக்காரரின் வரிசை வீடுகள். வந்தவர்கள் கத்தோலிக்கர்; தங்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் கோயில் கட்டிக்கொண்டார்கள். மேல்தெருவார் அவர்களோடு ஐம்பது வருசம் சம்பந்தம் வைக்கவில்லை. "அவங்களுக்குப் படி கூட்டத் தெரியாது," என்றார்களாம்.

1946இல், போருக்குப் பிறகு, பொஹீமியாவிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன்காரர் ஆளுக்கொரு பெட்டியோடு வந்தார்கள். அரசாங்கம் அவர்களை ஊராரின் வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேற்றியது. இந்த முறை மேல்தெருவும் கீழ்த்தெருவும் ஒற்றுமையாகச் சொன்னார்கள்: இவர்களுக்குப் படி கூட்டத் தெரியாது. அறுபதுகளில் துருக்கியரும் இத்தாலியரும் தொழிற்சாலைக்கு வந்தார்கள். பொஹீமியாக்காரர் அதையே சொன்னார்கள். 1985இல் எங்கள் பொடியன்கள் போய் இறங்கினார்கள். சந்தியில் கடை வைத்திருந்த துருக்கியர் என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை.

எழுதும்போது நன்றாகச் சிரித்தேன். பிறகு, எங்களுக்குப் பின்னால் ஆக்லாந்துக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் போன மாதம் இதே மேசையில் நாங்கள் கதைத்தது நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

4

லேம்பாக்கில் அதென்ன படிப் பிரச்சினை? விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையே விளங்காது.

பல குடும்பம் இருக்கும் வீட்டில் மாடிப்படியும் வாசலும் பொது. அவற்றைக் கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, ஒரு குடும்பம் கூட்ட வேண்டும். யாருடைய முறை என்று காட்ட ஒரு மரப்பலகை. கூட்டும் கிழமை என்று அதில் எழுதியிருக்கும். முறை முடிந்தவர் சனிக்கிழமை மாலை அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். மணி அடிப்பதில்லை, சொல்லிக்கொள்வதுமில்லை. பலகை யாருடைய கதவில் இருக்கிறதோ அவர் கூட்டுவார்.

சோதி இருந்தது ஒரு பழைய பேக்கரிக்காரரின் மூன்று தள வீடு. பிறகு நகரசபை அதை வாங்கியது. கீழே பிட்னர் அம்மா, மேலே ஒரு துருக்கிக் குடும்பம், நடுவில் எங்கள் பொடியன்கள் நாலு பேர். வந்த மூன்றாம் கிழமை, சனிக்கிழமை மாலை, கதவைத் திறந்தால் ஒரு பலகை தொங்குகிறது. செதுக்கிய எழுத்து, ஓரத்தில் நீலப் பூ. மாட்டிய ஆளைக் காணவில்லை.

நாலு பேரும் கூடி ஆராய்ந்தார்கள். அவர்களுக்குள் அதிகம் படித்தவன் ஆனந்தராசா. அவன் தீர்ப்புச் சொன்னான்: "இது புதுசாக் குடி வந்தவைக்கு ஊர்க்காரர் குடுக்கிற வரவேற்பு."

பிறகென்ன? துடைத்தார்கள். சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். வெளியில் விட்டால் களவு போகுமென்று உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சாத்தினார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தியும் காட்டினார்கள். வீட்டுக்கு வந்த புதுப் பொருளை வேறென்ன செய்வது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டில் கூட்டுதல் நின்றது. மேல்வீட்டார் பலகைக்காகக் காத்திருந்தார்கள், பிட்னர் அம்மாவும் காத்திருந்தார். பலகை இல்லாமல் துடைப்பத்தைத் தொடுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஐந்து கிழமை. படியெல்லாம் சேறும் தூசியும். ஆறாம் கிழமை பிட்னர் அம்மா மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர், பிள்ளையாருக்குப் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு இருந்த பலகையைப் பார்த்தார். சோதி, கும்பிட வந்திருக்கிறார் என்று நினைத்து ஊதுபத்திப் பெட்டியை நீட்டினானாம்.

அவர் கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழும்பிப் பலகையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுவதும் கத்திக் கீறல்.

1947. இதே வீடு, மேலறை. இரண்டு பிள்ளைகளோடு பொஹீமியாவிலிருந்து வந்த நாற்பது வயதுப் பெண், இதே பிட்னர் அம்மா. ஒரு சனிக்கிழமை கதவில் இந்தப் பலகை தொங்கியது. அவருடைய ஊரில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. பேக்கரிக்காரர் மனைவி வெட்டுப்பலகை தந்திருக்கிறாள் என்று நினைத்தார். பதினொரு நாள் அதில் வெங்காயம் வெட்டினார். கண்டுபிடித்த அந்த மனைவி, தெருவுக்கே கேட்கும்படி படியில் நின்று கத்தினாள்.

விபரமெல்லாம் பிறகுதான் சோதிக்கு விளங்கியது; அன்று சைகையில் காட்டினார். வெங்காயம், கண்ணீர், கத்துகிற வாய். பிறகு பொட்டை அழிக்காமலே கொண்டுபோய்ப் பொடியன்களின் கதவுக்கு வெளியே மறுபடி மாட்டினார். சோதி துடைப்பத்தை எடுத்தான். மூன்று தளமும் கூட்டி, கழுவி, துடைத்தும் விட்டான்.

5

மார்கரெட் என் சிநேகிதி, நான் வேலை செய்யும் நூலகத்தில் என்னோடு இருப்பவள். மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். இதுவரை எழுதியதைத் தட்டச்சு செய்யக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு, அக்கா. ஆனா இந்தக் கிழவி ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. நம்ப முடியலலா. ஒரு வீட்ல மாடியும் கீழயுமா இருந்தா சண்டை வராதா?"

அவள் சொன்னது எனக்கும் உறைத்தது. நன்றி சொல்லும் ஆசையில் ஒரு மனுஷியைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டேனோ? சோதியிடம் கேட்டேன்.

"நல்லவவோ? ஆர் சொன்னது? நாங்கள் கருவாடு பொரிச்சதுக்கு நகரசபைக்கு ரெண்டு தரம் எழுதிப் போட்டவ. படியில செருப்பு விட்டா எடுத்துக் குப்பையில போட்டிடுவா. ஆனந்தராசான்ர நல்ல சப்பாத்து ஒண்டு அப்பிடித்தான் போனது."

"பிறகு?"

"பிறகென்ன, என்ர அகதி வழக்கு விசாரணைக்கு என்னோட கோட்டுக்கு வந்தவ. நான் கூப்பிடேல்லை. தொப்பி போட்டுக்கொண்டு பின்வரிசையில வந்து இருந்தவ."

[இரண்டு முறைப்பாட்டுக் கடிதமும் ஒரு தொப்பியும். இப்போதுதான் இவர் எனக்குப் பிடிபடுகிறார். மேலே நாலாம் பகுதியில் அவரைச் சிரிக்க மட்டும் வைத்ததைத் திருத்தலாம். திருத்தவில்லை, அன்று அவர் சிரித்தது உண்மை.]

6

இனிக் கதை சிக்கும் இடம்.

ஒரு சனிக்கிழமை, நடைபாதையைக் கூட்டிவிட்டு வந்த சோதி நேரே தன் அறைக்குப் போனான். துவாயில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையெழுத்துத் தாள்களின்மேல் வைத்தான். பிரித்தேன். நீலப் பூ, எழுத்து. எழுத்தின் நடுவில் மங்கிப்போன சந்தனம். திருப்பினேன். கத்திக் கீறல்.

என் கதையில் வரும் பொருள் என் மேசைக்கே வந்து இருந்தது.

அவன் கடிதத்தின் கடைசி நாலு வரியை அப்போதுதான் வாசித்துச் சொன்னான். "பழைய பலகையைப் படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டுவிட்டு, மறுபடியும் வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. இப்போது நகரசபை தந்த பிளாஸ்டிக் ஒன்று தொங்குகிறது. நீ புறப்பட்டுப் போன கிழமையிலிருந்து பழையதைக் காணவில்லை. கடைசியாக யாரிடம் இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா?"

"அவவுக்குத் தெரியும், அண்ணி. தெரிஞ்சுதான் கேக்கிறா."

"எப்பிடி உன்ர பெட்டிக்குள்ள வந்தது?"

"பிழையா வந்திட்டுது எண்டு எழுதுங்கோ. ஆனந்தராசா பெட்டி கட்டேக்க தெரியாமல் வைச்சிட்டான் எண்டு."

எழுதினேன். கதைக்காரிக்குப் பொய் எழுதுவது சிரமமா? உடுப்புகளுக்கு நடுவே பலகை, அவசரத்தில் மூடிய பெட்டி, ஆக்லாந்தில் திறந்தபோது வந்த திகைப்பு. நல்ல பந்தி. இந்தக் கதையிலேயே ஓட்டமாக வந்த பந்தி அதுதான்.

அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். தாளை என் பக்கம் தள்ளினான்.

"ஏலாது, அண்ணி. அந்த ஊர்ச் சரித்திரத்தில எங்கட பேர் வாறது இதுதான் முதல் தரம். அது பொய்யா வரக்கூடாது. நான் தெரிஞ்சுதான் எடுத்தனான்."

"ஏன்?"

பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அங்க எல்லா இடத்திலயும் 'பொறு' எண்டுதான் சொன்னவை. கந்தோரில பொறு, கோட்டில பொறு, வேலைக்குப் பொறு. ரெண்டு வருசத்தில 'இப்ப உன்ர முறை' எண்டு எனக்குச் சொன்னது இந்தப் பலகை ஒண்டுதான். அதை விட்டிட்டு வர மனம் வரேல்லை."

நான் அழுதேன். கதையில் இதைக் கண் கலங்கினேன் என்று எழுதுவார்கள். கலங்கவில்லை, அழுதேன்.

பொய்ப் பந்தியைக் கிழித்தேன். அதனால்தான் அதை நீங்கள் இங்கே காணவில்லை.

7

அதன் பிறகு சோதி என்னிடம் எழுதக் கேட்கவில்லை. இரண்டு கிழமை தன் அறையில் இருந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், அகராதியை வைத்துக்கொண்டு தானே எழுதினான். இரண்டு பக்கம். நேற்று, வெள்ளிக்கிழமை, தானே தபாலில் போட்டுவிட்டான். போடுமுன் எனக்குக் காட்டினான். எனக்கு ஜெர்மன் தெரியாது. லேம்பாக் என்பதன் உண்மைப் பெயரும், என் பெயரும், ஆக்லாந்தும் மட்டும் விளங்கின.

ஆகவே ஒரு விசித்திர நிலையில் இருக்கிறேன். இந்தக் கதையை எழுதியவள் நான். இதன் நடுவில் இருக்கும் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. பலகையை அனுப்புகிறேன் என்று எழுதினானா? அது என்னோடு இருக்கட்டும் என்று கேட்டானா?

இன்று சனிக்கிழமை, செப்டம்பர் பதினேழு. காலையில் நான் எழுதும் அறையின் கதவைத் திறந்தால், வெளியில் பலகை தொங்குகிறது.

முற்றத்துக்கு ஓடினேன். சோதி நடைபாதையில் நின்றான், கையில் தும்புத்தடி இல்லை.

"சோதி, இதென்ன?"

"இந்தக் கிழமை உங்கட முறை, அண்ணி."

"கூட்டுறது சரி. பலகையை என்ன செய்யிறது? கடிதத்தில என்ன எழுதினனீ?"

"நடந்ததை எழுதினன். மிச்சத்தை, பலகை ஆரின்ர கதவில இருக்கோ, அவைதான் செய்யவேணும்."

சிரித்தான். வந்து ஒரு வருசத்தில் அவன் இப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

முடிவு ஒன்று: பலகையை அனுப்புகிறேன். ஏர்மெயிலுக்குப் பத்து நாள். திங்கள் போட்டால் ஒரு நாள் மிச்சத்தோடு போய்ச் சேரும். புத்தகத்தில் படம் வரும். பிட்னர் அம்மா அதை மறுபடி கதவில் மாட்டுவார். அடுத்ததாக எந்த ஊரிலிருந்தோ வரப்போகும் ஒருவர் அதைக் கண்டு என்ன நினைத்துக்கொள்வாரோ, அந்தத் தவறுக்கும் அதில் இடம் இருக்கும். ஆனால் சோதியின் அறையில் ஒன்றும் இருக்காது.

முடிவு இரண்டு, என் கணவருடையது: "முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு படம் எடுத்து அனுப்பினா முடிஞ்சுது. இதுக்கேன் இவ்வளவு யோசினை?" பலகை லின்ஃபீல்டில் இருக்கும். பிளாஸ்டிக் பலகைக்குக் கீழே ஒரு கிழவி இருப்பார்.

முடிவு மூன்று

[இல்லை. மூன்றாவதை நான் எழுதவில்லை.]

என் முறையை மட்டும் செய்தேன். தும்புத்தடியை எடுத்து வாசல் படி மூன்றையும் கூட்டினேன், நடைபாதையைக் கூட்டினேன், பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டினேன். அந்த மனிசி ஜன்னலுக்குள்ளிருந்து கை காட்டினாள். பிறகு உள்ளே வந்து, பலகையைத் திருப்பிப் போட்டு, பழைய கீறல்களின் ஓரத்தில் ஒரே ஒரு சின்ன வெங்காயம் வெட்டினேன். சரியா பிழையா தெரியாது. பிட்னர் அம்மா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கூச்சத்தை விட்டுவிட்டு ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். நான் காணாத அந்த ஊரே, மேல்தெருவே, கீழ்த்தெருவே, துருக்கிக் கடையே, தொப்பி போட்டு வந்த அம்மாவே, எங்கள் பிள்ளைக்கு ஒரு முறை கொடுத்தீர்கள். நன்றி. இதை மேடையில் நின்று சொல்லவில்லை, என் சமையலறையில் இருந்து சொல்கிறேன்.

வாசகரே, என் வேலை இன்று மாலையோடு முடிகிறது. பலகையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறேன். மணி அடிக்க மாட்டேன், அது வழக்கமில்லை. கதவில் மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். பொதி கட்ட மண்ணிறத் தாளும் நூலும் பையில் வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். தபாற்கந்தோர் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறக்கும்.